சேவுகன் வயிற்றில் தோற்ற சூரணம்

ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக், தொழுகைக்கு அடுத்தபடியாக நம்பியது தன் நிலாவரைச் சூரணத்தைத்தான். மலச்சிக்கல் என்று யார் வந்தாலும் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து, மறுநாள் காலையில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்து அனுப்புவார். தெருவில் போகிறவர்களின் முகத்தெளிவைப் பார்த்தே, இவர் நம் மருந்து சாப்பிட்டவர் என்று கண்டுபிடித்துவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

1962 ஆவணியில் அந்த நினைப்புக்குச் சோதனை வந்தது. தபால்காரர் சேவுகன் அவருடைய பத்து வருட வாடிக்கை. டைபாய்டு வந்து, அறந்தாங்கியில் ஒரு டாக்டரம்மாவிடம் பதினைந்து நாள் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்திருந்தார். காய்ச்சல் போய்விட்டது, வயிறுதான் இறுகிக்கொண்டது. வழக்கம்போல ஒரு பொட்டலம் வாங்கிக் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று குடித்தார். வயிறு அசைந்து கொடுக்கவில்லை.

சேவுகன் சண்டைக்காரர் இல்லை. சூரணத்துக்கு இடிக்கும் நிலாவரைச் சருகு பழசாக இருக்குமோ என்று கடையில் வந்து மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அதையே கடிதம் கொடுக்கப் போன வீடுகளிலும் மெதுவாகக் கேட்டார். ஒரே வாரத்தில், சாதிக் ராவுத்தர் மருந்து பழசு என்ற சேதி சுற்றுவட்டாரம் முழுக்க ஸ்டாம்பு ஒட்டாமலே போய்ச் சேர்ந்தது.

சாதிக்குக்குச் சோறு இறங்கவில்லை. அதே டப்பாவிலிருந்து எடுத்துத் தானே குடித்துப் பார்த்தார். அளவாகக் குடித்திருக்கலாம், மானப் பிரச்சினை என்பதால் இரண்டு பங்கு குடித்தார். மறுநாள் கடை திறக்கவில்லை. கொல்லைக்கும் வீட்டுக்குமாக அவர் நடந்த நடையைப் பார்த்த மனைவி ஹவ்வா உம்மாள், "மருந்து நல்ல மருந்துதான்னு எனக்கு வெளங்கிருச்சு. ஊருக்கு வெளங்கணும்னா எல்லாரையும் கொல்லைக்குத்தான் கூப்பிடணும்" என்றாள்.

தெம்பு வந்ததும் பஸ் ஏறி அறந்தாங்கி போனார். டாக்டரம்மாவின் மாத்திரைதான் சேவுகனைக் கெடுத்தது என்று சண்டை போடத்தான் போனார். அந்த அம்மாவோ அவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நிலாவரையில இருக்கிற சத்து சர்க்கரையோட பிணைஞ்சு சும்மா கெடக்குதுங்க. பெருங்குடல்ல வாழுற கிருமிகதான் அந்தக் கட்டை அவுத்து வேலை செய்ய விடுது. நான் குடுத்த மாத்திரை காய்ச்சக் கிருமியோட அதுகளையும் கொன்னிருக்கும்."

இருபது வருடமாகத் தன் கைராசி என்று நினைத்திருந்ததில் பாதி, ஊரார் வயிற்றுக் கிருமிகளின் உழைப்பு என்பது சாதிக்குக்கு லேசில் ஜீரணமாகவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் வேலை செஞ்சுதேம்மா?"

"ஒங்க கிருமியெல்லாம் சௌக்கியமா இருக்குங்க."

சேவுகனுக்கும் அவை தாமாகவே திரும்பப் பெருகும், சில வாரம் கீரையும் பழமும் தண்ணீருமாகப் பொறுத்திருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். சாதிக் வந்து அதைச் சொன்னபோது, தன் வயிற்றில் கிருமி இருந்தது என்பதே சேவுகனுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. இருந்தாலும் பொறுத்தார்.

ஐப்பசி நடுவில் அடுத்த பொட்டலம் வாங்கிப் போனார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரை யார் வீட்டுக்கும் தபால் வரவில்லை. கடிதம் கேட்டு வந்தவர்களிடம், சேவுகன் நலமாக இருக்கிறார் என்று சாதிக் கடை வாசலில் நின்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகெல்லாம், சமீபத்தில் ஆஸ்பத்திரி மாத்திரை ஏதும் சாப்பிட்டீர்களா என்று கேட்ட பின்னரே அவர் பொட்டலம் மடித்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிருமிகளின் பெருமையை விளக்கினார். பாதிப்பேர் அதைக் கேட்டு முகம் சுளித்து, மருந்து வாங்காமலே போனார்கள்.