கார் ஸ்டீரியோ எடுத்த போன்

போன வாரம் காருக்கு ஒரு ஸ்டீரியோ வாங்கினேன். கோட்டாற்றில், வண்டி நிறுத்த இடமே கிடைக்காத ஒரு தெருவில் கடை. இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்று கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ஏழு இஞ்ச் டச் ஸ்கிரீன், புளூடூத், எஃப்.எம்., ரிவர்ஸ் கேமரா... எல்லாம் அதிலேயே இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றி மாட்டியும் கொடுத்தார்.

காருக்குள் சத்தம் இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சிக்னலில் நிற்கும்போதுகூட ஸ்டீயரிங்கில் தாளம் போடுகிற ஆள் நான்.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தம், கொடுத்த விலைக்கு மேலேயே இருக்கிறது. போனை ஒரு தடவை இணைத்துவிட்டால் போதும், அடுத்த முறை ஏறி உட்காரும்போதே தானாகப் பிடித்துக்கொள்கிறது.

குறை? வால்யூமுக்குத் திருகு கிடையாது. எல்லாம் ஸ்கிரீனில்தான். வெயில் அடித்தால் அந்த ஸ்கிரீனில் என் முகம்தான் தெரிகிறது. தொட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேலை செய்கிறது. இதெல்லாம் ஒரு குறையா என்றுதான் செவ்வாய்க்கிழமை காலை வரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அக்காவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அத்தான் இல்லை. ஒரே மகன் துபாயில். வயிற்றில் டியூப் விட்டு எடுத்த சதையின் ரிசல்ட் அன்றைக்கு. எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கேன்சர் என்றார் டாக்டர். நோயாளியிடமும் பேச வேண்டும் என்றார். நான்தான் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாத்திரை வாங்குகிற சாக்கில் துபாய்க்குப் போன் போட்டு மருமகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்காவிடம் கேஸ் டிரபிள் என்றேன். நம் ஊரில் கேஸ் டிரபிளின் தலையில் கட்டாத வியாதி உண்டா?

காரில் ஏறியதும் அக்கா கேட்டாள் — டாக்டர் இவ்வளவு நேரம் என்ன பேசினார் என்று. நான் எஃப்.எம். வைத்தேன். இரணியல் தாண்டும்போது மறுபடி கேட்டாள். ஸ்பீக்கர் எப்படி அதிருகிறது பார் என்று சத்தத்தைக் கூட்டினேன். ஸ்டேஷனை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். இன்னொரு முறை அவள் கேட்டால் நான் உளறிவிடுவேன்...

அப்போது போன் அடித்தது. நான் தொடவில்லை. ஸ்டீரியோ பெட்டியே எடுத்துவிட்டது! ஆட்டோ ஆன்சர் என்று ஒன்று இருப்பதும், மாட்டும்போதே அது ஆனில் இருந்ததும் அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

“மாமா, அம்மைட்ட கேன்சருன்னு சொல்லிராதிங்க. அம்ம தாங்க மாட்டா...”

நாலு ஸ்பீக்கரிலும் மருமகன். என்ன துல்லியம்! சத்தத்தைக் குறைக்க ஸ்கிரீனைக் குத்தினேன். வெயிலில் எங்கே குத்துகிறேன் என்றே தெரியவில்லை. ஈக்வலைசர் வந்தது. அவன் அழுதுகொண்டே ஆபரேஷன், கீமோ என்று அடுக்கிக்கொண்டிருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அக்கா பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“நோண்டாத இரி. அவன் பேசட்டும்.”

பிறகு, அம்மா பேசுகிறேன் என்று அவனிடம் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. ஹலோ மாமா, ஹலோ மாமா என்றே கத்தினான். இந்தப் பெட்டியின் பெரிய குறை இதுதான். அங்கிருந்து வருவது கணீரென்று கேட்கும். இங்கிருந்து பேசுவது போய்ச் சேராது. மைக் அவ்வளவு மட்டம். அக்கா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். டேஷ்போர்டில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து, தன் நோயைத் தானே உரக்கச் சொன்னாள்.

“எனக்கு கேன்சராக்கும்னு நானும் கேட்டாச்சு மக்கா. நீ கரையாத. சோறு தின்னியா?”

அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது.

நோய் அவளுடையது. வலி அவளுடையது. சேதி மட்டும் எப்படி எங்களுடையதாக ஆனது? இதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறோம். அக்கா அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை — அவ்வளவுதான் உண்மை. நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

போன் கட்டானதும் எஃப்.எம். தானாகத் திரும்பி வந்து, ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் பாட ஆரம்பித்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப சொல்லு. டாக்டரு என்ன சொன்னாரு? மொதல்ல இருந்து சொல்லு.”

பெட்டியை அணைத்தேன். தொட்ட உடனே வேலை செய்கிற பட்டன் அதில் அது ஒன்றுதான்.