பில்லர் தலையில் ஒட்டிய பித்தளைத் தகடு

ரிட்டயர் ஆன நாளிலிருந்து இதை எழுத நினைத்து, நோட்டைத் திறந்து, மூடி வைத்திருக்கிறேன். வருடங்கள் போய்விட்டன. சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோதுகூட இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐ.டி.ஐ. மட்டும் படித்தவன், எழுத வராது என்று சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. வெட்கம்தான் காரணம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று கர்த்தரை நம்பி எழுதுகிறேன்.

1. வேலை

ஹைதராபாத்தில் பூமியை ஆராயும் ஒரு அலுவலகத்தில் நான் டெக்னீஷியன். மலைகளில் ஜி.பி.எஸ். ஸ்டேஷன் போடுவதும் பராமரிப்பதும் என் வேலை. பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி, கான்கிரீட் பில்லர் கட்டி, அதன் தலையில் நிற்கும் போல்ட்டில் ஆன்டெனாவை முடுக்குவோம். போனில் இருக்கிற ஜி.பி.எஸ். மாதிரி அல்ல. பாறை வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் நாளடைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

இமயமலையில், உருகிக் குறைந்துகொண்டிருந்த ஒரு பனியாற்றின் பக்கத்தில் எங்கள் ஸ்டேஷன் ஒன்று இருந்தது. அங்கே எதற்கு அளக்கிறோம் என்று எனக்குப் பல வருடம் தெரியாது. புரியவைத்தவர் சுகன்யா. கோபிச்செட்டிப்பாளையத்துப் பெண், பி.எச்டி. செய்ய எங்கள் பிரிவுக்கு வந்தவர். ஒருநாள் கேன்டீனில், சப்பாத்திக்கு உருட்டி வைத்திருந்த மாவில் விரலை அழுத்தி எடுத்தார்.

"பாருங்ண்ணா, பள்ளம் மேல வருது. மாவு எளக்கமா இருந்தா வெரசா வரும், கெட்டியா இருந்தா மெல்ல வரும். பனிதான் விரல். பாறைக்கு அடியில மேன்டில் இருக்குதுங்ளே, அதுதான் மாவு. அத்தன ஆழத்துக்கு யாரும் தோண்டிப் பாக்க முடியாதுங். பனி போனதுக்கப்புறம் தரை எத்தன வேகமா எந்திரிக்குதுன்னு அளந்தா, அடியில எளக்கமா கெட்டியான்னு சொல்லிப்போடலாம்."

விரல் வைத்த மாவை யார் தின்பது என்று சமையல்காரர் தெலுங்கில் சத்தம் போட்டார். "அந்த சப்பாத்தி எனக்கே போடுங்" என்றார் சுகன்யா.

இமயமலை தானாகவும் உயர்கிறது. அதைக் கழிப்பதற்காகப் பனி இல்லாத தூரத்தில் இன்னொரு ஸ்டேஷன் வைத்திருந்தோம்.

2. பொருத்தனை

சுகன்யா வருவதற்கு முன்பே என் தவறு நடந்துவிட்டது.

ஒரு அக்டோபரில் அந்த ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மண்சரிவில் ஜீப் வழுக்கி, ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியது. உயிரோடு வீடு சேர்த்தால் இந்த மலையிலேயே உமக்கு ஒரு சாட்சி வைப்பேன் ஆண்டவரே என்று பொருத்தனை செய்தேன். சேர்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில் பேட்டரி செத்து ஸ்டேஷன் நின்றுபோனது. பனி விலகியதும் புது பேட்டரியோடு நான்தான் போனேன். பையில் ஒரு பித்தளைத் தகடும் இருந்தது. நோட்டுப் புத்தக அளவு. செகந்திராபாத்தில் வேத வசனம் பொறித்து வாங்கியது. ஆன்டெனாவுக்கும் பில்லர் தலைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி உண்டு. போல்ட்டுக்கு வெட்டு விட்டு, தகட்டை அதற்குள் நுழைத்துப் பசை போட்டு ஒட்டினேன். முழங்கால்படியிட்டு நன்றி சொன்னேன்.

சைட் லாக் என்று ஒரு நோட்டு உண்டு. ஸ்டேஷனில் செய்கிற எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். காக்கா கூடு கட்டியிருந்தாலும் எழுத வேண்டும். நான் "பேட்டரி மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். சர்க்கார் கருவியில் நான் என் ஜெப காரியத்தைச் செய்தது தெரிந்தால் கேள்வி வரும் என்று பயம். ஆன்டெனாவை அசைக்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம்.

3. சுகன்யா கேட்ட கேள்வி

இரண்டு வருடம் கழித்து சுகன்யா என்னைத் தன் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டார். திரையில் புள்ளி புள்ளியாக ஸ்டேஷனின் உயரம். நடுவில் குளிர்கால இடைவெளி. அதற்குப் பிறகு எல்லாப் புள்ளிகளும் ஒரு அரிசி நீளம் மேலே.

"அந்த வருசம் பனி ஏகமா உருகியிருக்குதுங்ண்ணா. ஒரே குளிர்காலத்துல இத்தன எந்திரிச்சிருக்குதுன்னா, அடியில மேன்டில் அவ்ளோ எளக்கம்னு அர்த்தம். அடுத்த வாரம் கான்பரன்ஸ்ல இதத்தான் பேசப்போறேன்." பிறகு கேட்டார்: "அந்த விசிட்ல ஆன்டெனாவ ஏதாச்சும் தொட்டீங்ளா?"

"இல்லம்மா. பேட்டரி மட்டுந்தான்."

ஆன்டெனாவைத் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆன்டெனா பக்கத்தில் உலோகம் வைக்கக் கூடாது என்று டிரெயினிங்கில் சொன்னது அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. சாட்டிலைட் சிக்னல் தகட்டில் பட்டுத் தெறித்து மறுபடி ஆன்டெனாவுக்குள் போனால் உயரம் தப்பாக வரும். அப்போதும் அதைச் சொல்லாமல் டீயை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

4. போவன்பள்ளியில்

சனிக்கிழமை காலை போவன்பள்ளி மார்க்கெட்டில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன்.

"ஆண்டவருக்கு நீங்க எங்க இருக்கீயன்னு பாக்க ஜி.பி.எஸ். வேணுமாக்கும்? அது மேலயே கொண்டுபோய் ஒட்டணுமா?" என்றாள்.

"சிரிக்காத எஸ்தர். சொன்னா தகட்டை எடுக்கச் சொல்லுவாங்க. செஞ்ச பொருத்தனைய எப்படித் திருப்பி எடுக்க?"

அவள் தக்காளியைக் கீழே வைத்தாள். "பொருத்தனை நீங்க செஞ்சது. அந்தப் பிள்ளையா செஞ்சா? அது நாலு பேர் முன்னாடி எந்திரிச்சி நின்னு பொய்யச் சொல்லணுமா, உம்ம நன்றிக்காக?"

அவள் என்னை "உம்ம" என்றால் கோபம் உச்சியில் என்று அர்த்தம். தக்காளி வாங்காமலே வீட்டுக்கு, மல்காஜ்கிரி பஸ் ஏறினோம்.

5. மொட்டைமாடி

திங்கள்கிழமை சுகன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, நேராக் கேட்டேன்ல?"

"கேட்டீங்கம்மா."

"கேட்டும் சொல்லலையேங்."

எழுந்து வெளியே போய்விட்டார். அரைமணி நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அழுதுட்டிருந்தா கணக்கு வராதுங். அதே அளவுல ஒரு தகடு வாங்கியாங்க."

அலுவலக மொட்டைமாடியில் டெஸ்டுக்கென்று ஒரு பில்லர் இருந்தது. தகடு இல்லாமல் சில நாள், வைத்துச் சில நாள், மறுபடி எடுத்துச் சில நாள். வெயிலில் நானே காவல் இருந்தேன். தகடு வைத்த நாட்களில் மட்டும் மொட்டைமாடி ஒரு அரிசி நீளம் "உயர்ந்தது". எடுத்ததும் இறங்கியது. கான்பரன்ஸ் பேச்சைச் சுகன்யா அதற்கு முன்பே வாபஸ் வாங்கியிருந்தார்.

எங்கள் தலைவர் மோகன் சார் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும்; 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதற்கு. நல்ல மனுஷன். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"ஜெபராஜ், லாக்ல 'ப்ரேயர் பிளேட்'னு நக்கோ. 'மெட்டல் ஸ்பேசர்'னு போட்டுடு. கைக்கு வீணா வம்பு? ரிட்டயர் ஆகப்போற நேரம்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பேசர் என்பது ஆன்டெனாவைத் தூக்கிவைக்கிற கட்டை. அப்படி எழுதினால், பின்னால் படிப்பவர் ஆன்டெனாவே மேலே போனது என்று நம்பித் தகட்டின் கனத்தைக் கழிப்பார். கணக்கு மறுபடியும் தப்பாகும்.

"வேண்டாம் சார். உள்ளத எழுதுறேன்" என்றேன்.

மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

6. மறுபடி மலைக்கு

பனி விலகியதும் சுகன்யாவும் நானும் போனோம். உளியால் தகட்டை நானே பெயர்த்தேன். "ஆண்டவரே, உமக்குக் கொடுத்ததை எடுக்கிறேன், பொய்யோடு சேர்ந்து கொடுத்ததை நீர் வாங்கியிருக்கமாட்டீர்" என்று வாய்விட்டே சொன்னேன். சுகன்யா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

தகடு போனதும் புள்ளிகளில் இருந்த அந்த அரிசி நீளத் தாவல் மறைந்தது. மிச்சம் இருந்தது மெதுவான, மிக மெதுவான உயர்வு. அந்த மலைக்கு அடியில் இருப்பது அவர் நினைத்ததுபோல் இளக்கமானது அல்ல, கெட்டி. யாரும் கைதட்டாத முடிவு. ஆனால் சரியான முடிவு. அதை வைத்து பி.எச்டி. வாங்க அவருக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடம் என்னால் போனது.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். பூமி பொய் சொல்லாது. ஆனால் அதன் பக்கத்தில் நாம் எதை வைத்தோம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியே சொல்லுங்கள். பொருத்தனை என்ற வார்த்தையை எடுத்துவிடாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு, லாக்கில் எழுத மறந்துவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.