விளக்கு வயர் போதும் என்றவர்

கைப்பேசியில் நாகராஜனின் மகள் பேசினாள். "அங்கிள், அப்பா காலைல போயிட்டாங்க." அப்போது என் ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மூடி இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.

ஜொகூரில் எங்கள் ஊரான உலு திராமில் நாகராஜனை அறிந்தவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியும். 'வயர் பைத்தியங்கள்' என்று காப்பிக் கடையில் கேலி செய்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும்.

அவர் தொழிற்சாலை ஸ்டோர்கீப்பர், நான் லாரி ஓட்டியவன். சிங்கப்பூர்க்காரர்கள் வேண்டாமென்று தள்ளிய ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பெட்டிகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி, நாங்களே பிரித்துப் பழுது பார்ப்போம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜொகூர் பாருவில் பெரிய ஒலிக்கருவிக் கடை ஒன்றில் எங்கள் செருப்பைப் பார்த்த கடைக்காரன், உட்கார்ந்து கேட்கக்கூட விடவில்லை. வெளியே வந்ததும் நாகராஜன் சொன்னார்: "விடுங்கண்ணே, அவனுக்கு விலைதான் கேக்கும், பாட்டு கேக்காது."

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. ஸ்பீக்கருக்குத் தடித்த வயர் வேண்டும் என்பேன் நான். ஹார்ட்வேர் கடையில் விற்கும் விளக்கு வயரே போதும் என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சோதனை நடக்கும். ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அவர் அதன் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து வயரை மாற்றுவார். நான் நாற்காலியில் இருந்து ஒரே நாதஸ்வரப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த வயர் என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள், "இப்பத்தான் தெளிவா இருக்கு. தடிச்ச வயரு" என்றேன். திரையை விலக்கிச் சிரித்தார். "அண்ணே, நான் கையே வைக்கல! மொதல்லேர்ந்து விளக்கு வயருதான்!"

எழுந்து வந்துவிட்டேன். மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றாமல் இருப்பது சோதனையல்ல. அந்தத் தீபாவளிக்குக்கூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவரே முறுக்கு டப்பாவோடு வந்து வாசலில் நின்றார்.

"நீ செஞ்சது ஏமாத்து" என்றேன்.

"சரிண்ணே, ஏமாத்துதான். வந்து உக்காருங்க லா. எங்க வீட்டுல வயர மாத்தினா யாருக்கும் தெரியாது. சண்டை போடவாச்சும் ஆள் வேணாமா?"

அடுத்த ஞாயிறு போனேன். தவறு என்னுடையது என்று அவரும் சொல்லவைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காரியம் முடிந்தபின் மகள் கேட்டாள், "அப்பா செட்டு முழுசும் எடுத்துக்கிறீங்களா அங்கிள்?" அந்த விளக்கு வயரை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் இரண்டு வயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எதைப் போட்டேன் என்பது என் கைக்குத் தெரிகிறதே, காது என்ன செய்யும்? திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இல்லாமல் அது சோதனையாகாது. "எப்படிண்ணே?" என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி போய் வெகுகாலம் ஆகிறது.

நாகராஜனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த வயர்தான். இப்போது என் ஸ்பீக்கரில் அதுதான் இருக்கிறது. ஒலி மெலிந்துதான் கேட்கிறது. இதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன், அவர் படத்துக்கு முன்னால் நின்றும் சொல்வேன்.

ஆனாலும் அதை நான் கழற்றப் போவதில்லை.