கோரிக்கை மனுவில் தங்கையின் பெயர்

போராட்டப் பந்தலில் பெண்களுக்குக் கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கும் தோதான கூட்ட நேரம் என்று மூன்றையும் தலைவர்களோடு மல்லுக்கட்டி வாங்கியவள், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தங்கைதான். ஆனால் கோரிக்கை மனுவில் அவள் பெயர் இல்லை. கைநாட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டில் அக்காவைப் பள்ளிக்கும் அவளை வேலைக்கும் அனுப்பிய நாளிலிருந்து, தன் பெயரைத் தானே எழுத ஏங்கியவள். பந்தலில் தினமும் எழுதிப் பழகியும் கடைசி எழுத்து கைக்கு வரவில்லை.

"மனு இப்பப் போயிடும். உன் பேரை நானே போட்டுடறேன்டி," என்றாள் அக்கா.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் எனக்கும் சேத்துப் போயிட்டே. இதையாவது எனக்கு விடுக்கா."

மனுவை வாங்க வந்தவரை அக்கா வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தினாள். தங்கை நாக்கைக் கடித்தபடி எழுதி முடித்தாள். அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள், 1998 மார்ச் 14.