கதவு இறுகவில்லை

கதவு இறுகவில்லை. நான்தான் பூட்டினேன்!

ஆறு வருடங்களாக எவரிடமும் சொல்லாத வசனம் இது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் என்னை அறியாதவர் என்ற ஒரே தைரியத்தில். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். விதவை. என் தம்பி ரவியைக் கொன்றவள்... இதை எழுதக் கை கூசுகிறது. கூசட்டும்.

ரவிக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னோடுதான் இருந்தான். பகிடிக்காரன். என் சமையலை நக்கலடித்துக்கொண்டே மூன்று தரம் போட்டுச் சாப்பிடுவான். என் மகளுக்கு மாமா என்றால் உயிர். அவளுக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தங்களும் அவனைக் கண்டதோடு நின்றுபோயின. இரண்டாவது வீட்டார் தரகரிடம் வெளிப்படையாகவே சொன்னார்களாம்: "தாய்மாமனுக்கு இந்த வருத்தம் எண்டால், பரம்பரையில இருக்கும்."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கதவு யோசனை வந்தது!

எல்லோரிடமும் இட நெருக்கடி என்றேன். முழுப்பொய்யுமில்லை, ரவியின் அறைக் கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் இடிக்கும். மடிப்புக் கதவு போடுவோமே என்றாள் மகள். வேண்டாம் என்றேன். நுகேகொடையில் ஒரு கடையில், சுவருக்குள்ளேயே இழுபட்டு மறையும் கதவைக் கண்டேன். மேலே தண்டவாளம், அதில் ஓடும் சில்லுகள்; கைப்பிடிகூட வெளியே நீட்டாமல் பள்ளமாகப் பதிந்திருந்தது. சுவரின் நிறத்தையே பூசி இழுத்து மூடிவிட்டால் அங்கே ஓர் அறை இருப்பதே தெரியாது... என் புத்தியைப் பாருங்கள்! கடைக்காரர் ஆசையாகக் காட்டிய கண்ணாடிக் கதவை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

பொருத்த வந்தவர் மட்டக்குளியைச் சேர்ந்த தச்சர், அந்தோனி பாஸ். கற்சுவரை உடைக்க முடியாது என்று, அதன் முன்னால் சட்டம் அடித்து, பலகையால் இன்னொரு சுவர் எழுப்பி, இடைவெளிக்குள் கதவை ஓடவிட்டார். ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் போகும். பூட்டில்தான் தகராறு வந்தது. அவர் பூட்டைத் திருப்பும் திருகியை உள்பக்கம் வைக்கப் போனார். நான் வெளியே வைக்கச் சொன்னேன்.

"அக்கா, ஆள் படுக்கிற அறை. வெளியால பூட்டு வைக்கக் கூடாது."

"அவன் நினைவில்லாமல் எழும்பி றோட்டுக்குப் போயிடுவான், பாஸ். எனக்குப் பயமாக் கிடக்கு."

ரவி ஒருநாளும் அப்படிப் போனதில்லை. அந்தோனி தலையைச் சொறிந்தார். பிறகு நான் சொன்னபடியே வைத்தார்.

லண்டன் மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிறு பின்னேரம். "கொஞ்ச நேரம் உள்ளுக்க இருடா, அவை போனதும் திறக்கிறன்" என்று ரவியிடம் சொன்னேன்.

"ஓம் அக்கா. எனக்கு ரெண்டு ரோல்ஸ் எடுத்து வையுங்கோ" என்று சிரித்தான்.

கதவை இழுத்தேன். திருகினேன்.

மகள் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தேநீர் ஊற்றும்போது உள்ளே கதிரை சரிந்தது. பிறகு பலகைச் சுவரில் கால் அடிபடும் சத்தம்... டக், டக், டக். எனக்குத் தெரியும்! இருபத்தெட்டு வருடங்களாகக் கேட்ட சத்தம்!

"என்ன சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"பக்கத்து வீட்டில வேலை நடக்குது. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டினம்" என்றேன். சிரித்தேன்கூட.

எழுந்துபோய்த் திறந்திருக்கலாம். அவனைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும். எத்தனையோ தடவை செய்தவள்தானே நான்? தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடங்கியது. சீனி போதுமா என்று வந்தவர்களிடம் கேட்டேன்.

அவர்களைக் கீழே கார் வரை கொண்டுபோய் விட மகள் இறங்கினாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன். கதிரையோடு சரிந்த ரவி கட்டிலில் குப்புறக் கிடந்தான், முகம் தலையணையில் புதைந்து, கால் சுவரோடு... புரட்டினேன். உலுக்கினேன். போய்விட்டான்.

மகள் திரும்பி வந்தபோது நான் ஓலமிட்ட முதல் வார்த்தை தம்பியின் பெயரல்ல. "கதவு இறுகிப்போச்சு! திறக்க ஏலாமல் போச்சு!" அவர்கள் போன பிறகுதான் வலிப்பு வந்தது என்றேன். அவள் நம்பினாள். மரண விசாரணைக்கு வந்தவரும் அதையே எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. மகள் இன்று லண்டனில் நன்றாக இருக்கிறாள்.

செத்தவீட்டுக்கு அந்தோனி வந்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார், ஓடியது. இழுத்துப் பார்த்தார், ஓடியது. என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, பூட்டியிருந்திச்சா?"

வீடு நிறையச் சொந்தக்காரர். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இல்லை. இறுகினது."

"அப்ப எண்ட பிழைதான் அக்கா. சில்லை இன்னொருக்கா பாத்திருக்கணும்" என்று கைகூப்பி அழுதார் அந்த மனிதர். அழாதேங்கோ என்று ஆறுதல் சொன்னேன்... நான், அவருக்கு! இதைக் கேள்விப்பட்டு மேல்மாடி வீட்டார் அவருக்குப் பேசியிருந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என்ன பிறவி நான்?

ரவி இறந்த திகதி வரும்போதெல்லாம் அந்தோனி தங்கள் கத்தோலிக்கக் கோவிலில் அவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார். போன கிழமையும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பூசையில பேர் வாசிச்சாங்க அக்கா. இந்த முறையும் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்தில அந்தச் சில்லுப் பிழையைத்தான் சொன்னேன். போதும், விடுன்னார் சாமி. எனக்குத்தான் விட ஏலாம இருக்கு."

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன்... சத்தியமாக எடுத்தேன்!

"கவலைப்படாதேங்கோ பாஸ்" என்றேன். "நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டன்."