முழங்காலில் போட்ட ஊசி

துர்கா பூஜையின் கடைசி நாளான தசமி கழிந்து கிளினிக் திறந்ததும், எலும்பு மருத்துவர் என் கணவரின் வலது முழங்காலில் கார்ட்டிசோன் ஊசி போட்டார். கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் ஏணிகளில் ஏறி இறங்கித் தேய்ந்த மூட்டு அது. மறுநாளே கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறி, எங்கள் பவானிபூர் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் பூஜை முடிந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் விஜயா வாழ்த்தைச் சொல்லிவிட்டு வந்தார். சந்தேஷ் மாதிரி ஏதாவது பால் இனிப்பு கொடுக்காமல் யாரையும் அனுப்பாத நாட்கள் அவை.

அடுத்த காலை, இத்தனை நாள் கட்டுக்குள் இருந்த அவருடைய சர்க்கரை அளவு முன்னூறைத் தாண்டியிருந்தது.

"எத்தனை சந்தேஷ்?" என்றேன்.

"ஒண்ணுகூட இல்ல. தட்டை வாங்கி, பேசிட்டே கீழ வெச்சுட்டேன்."

"விஜயாவுக்குப் போய் பட்டினியா வந்த முதல் மனுஷன் நீங்கதான்!"

சர்க்கரைக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போனில் சொன்னார்: திங்கள்கிழமைக்குள் இறங்காவிட்டால் இன்சுலின். இவர் முகம் வெளுத்தது. "தினமுமா ஊசி?"

அன்று முழுக்க என் கண்ணெதிரே, நான் போட்டதை மட்டுமே சாப்பிட்டார். அளவு இறங்கவில்லை. மாலையில் நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மேல்வீட்டுக்காரர் வந்தார். நாரு என்னும் தேங்காய் உருண்டை செய்வதில் பெருமை உள்ளவர். "உங்க வீட்டுக்காரருக்கு என்மேல என்ன கோபம்? என் நாருவைத் தொடவே இல்லையே!" என்று வங்க மொழியில் பொரிந்தார்.

சாட்சி கிடைத்துவிட்டது. அப்படியானால் புதிதாக உடம்புக்குள் போனது எது? கிளினிக்குக்குப் போன் செய்தேன். எலும்பு மருத்துவரே எடுத்தார்.

"கார்ட்டிசோன் சர்க்கரையை ஏத்தும். சில நாள்ல இறங்கிடும், பார்த்துட்டே இருங்க. ஆனா சுகர் இருக்கான்னு கேட்டேனே, இல்லைன்னாரே?"

திரும்பிப் பார்த்தேன். "கன்ட்ரோல்ல இருந்துச்சு. அதான் இல்லைன்னேன்" என்றார்.

சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி இதே குடும்பத்துச் சரக்கைத்தான் தினமும் செய்கிறது என்று அன்று படித்தேன். ஆபத்து வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுவதும் அதன் வேலை. முழங்காலில் போட்டது முழங்காலோடு நிற்கும் என்று நானும் நினைத்திருந்தேன்.

திங்கள்கிழமை அளவு நன்றாக இறங்கியிருந்தது. இன்சுலின் வேண்டாம் என்றார் டாக்டர்.

"கேஸ் தள்ளுபடியா?" என்றார் இவர்.

"சந்தேஷ் கேஸ் தள்ளுபடி. டாக்டர்கிட்ட சொன்ன பொய் நிலுவையில இருக்கு."

மேலே பௌதியிடம் நாருவைத் தொடாததற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் தனியாகப் போகத் தயங்கினார். நானும் கூடப் போனேன்.