காலி அட்டை சிஸ்டர்

என் மனைவி வாய்க்கு இந்த ஊரே பயப்படும். பதிமூன்று வருடமாக இங்குள்ள சுகாதார நிலையத்தில் அவள்தான் நர்ஸ். எதிர்ப்பக்கம் என் பஞ்சர் கடை. நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சத்தம் சாலையைத் தாண்டி வந்துவிடும்.

"காலி அட்டை எங்க? அத காட்டுங்க முதல்ல!"

அது அவள் போட்ட சட்டம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் போன மாதம் வாங்கிய அட்டையைக் காலியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதில் நாலு மாத்திரை மிச்சமிருந்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். ஊர் அவளுக்குக் காலி அட்டை சிஸ்டர் என்றே பெயர் வைத்துவிட்டது. எனக்கும் அதில் பங்கு உண்டு, கடைக்கு வருகிறவர்கள் "காலி அட்டை வீட்டுக்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

அவள் வந்த முதல் வருடம் ஒரு தச்சர் வேலை செய்துகொண்டிருந்தபோதே வாய் கோணிக் கீழே விழுந்தார். அவர் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் ஏழு அட்டைகள், பிரிக்காமல் அப்படியே இருந்தன. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தாராம். அன்றிலிருந்து இந்தச் சட்டம். ஐம்பத்தெட்டுப் பேரைத் திட்டித் திட்டியே மாத்திரை விழுங்கப் பழக்கியிருந்தாள்.

எங்கள் தேவாலயச் சபைக்கு வருடா வருடம் ஒரு வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் ஊழியத்துக்கு வருவார்கள். பத்து நாள் இருப்பார்கள். தங்கமான பிள்ளைகள், அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளம் வெட்டுவார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், மூன்றாம் நாள் வயிறு கெட்டு என் மனைவியிடமே வந்து படுப்பார்கள். இந்த வருடம் மருந்தோடு வந்தார்கள்.

சபை மண்டபத்தில் மேசை போட்டாயிற்று. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்கள். கூடுதலாக இருந்தால் தொண்ணூறு மாத்திரை போட்ட வெள்ளை டப்பா, கையைப் பிடித்து ஒரு ஜெபம், டப்பாவோடு ஒரு போட்டோ. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று போதகரை வைத்துக் கேட்கவும் செய்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இல்லை என்று தலையாட்டினார்கள். ஆமாம் என்றால் டப்பா கிடைக்காதே!

மறுநாள் ஒரு டப்பா என் மனைவி கண்ணில் பட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். அவள் கொடுக்கிற அதே மருந்துதான். பெயர் வேறு, நிறம் வேறு. நேராகப் போதகரிடம் போனாள்.

"பாஸ்டர், இதையும் என் மாத்திரையையும் சேத்து முழுங்கினா படுத்துருவாங்க. முதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

"விருந்தாளிங்க சிஸ்டர். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. கிளம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்தால் என் அக்கா. பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி.

"நீ குடுக்கிறது அரசாங்கத்து மாத்திரை. இது ஜெபம் பண்ணிக் குடுத்தது" என்றாள்.

"அண்ணி, ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா கலர் ஏன் வேற?"

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வாரம் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். யாரும் டப்பா வாங்கியதாகவே ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்துவிட்டுப் போகப் போகிறவர்களுக்கு ஸ்தோத்திரம், இங்கேயே கிடந்து பார்க்கிறவளுக்கு முறைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாம் நாள் வழியனுப்பு ஆராதனை. அக்கா பாட எழுந்தாள், அப்படியே சரிந்தாள். என் மனைவி பாய்ந்து போய்க் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு அழுத்தம் பார்த்தாள். மேல் எண் எண்பதுதான் காட்டியது. கொஞ்ச நேரத்தில் அக்கா கண் விழித்தாள்.

"அண்ணி, ரெண்டு மாத்திரையும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடாம? அவங்களுது காலையில. உன்னுது ராத்திரி. காலி அட்டை இல்லேன்னா நீ விடுவியா?"

என் மனைவி முகம் வெளுத்துப்போனது. அவள் சட்டத்துக்குப் பயந்துதான் ஊர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை பேர், எந்தத் தெருவில், கிணற்றடியிலா, ஏணியிலா, எங்கே விழப் போகிறார்களோ!

"யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு லிஸ்ட் கேளுங்க" என்றாள் போதகரிடம். மருந்து கொடுத்த கண்ணாடி போட்ட பெண் அழுதுகொண்டு நின்றாள். என் மனைவி ஆறு வாக்கியம் பொரிந்தாள். போதகர் அதைச் சிரித்த முகத்தோடு ஒரே வாக்கியமாக அந்தப் பெண்ணிடம் சொன்னார். பட்டியல் இல்லையாம். எண்ணிக்கை மட்டும் உண்டாம், எழுபத்தொன்று.

"பேர் இல்லாம எண்ணிக்கைய வச்சு நான் என்ன பண்றது?" என்று கத்தினாள். பிறகு சட்டென்று நிறுத்தி, அந்தப் பெண் கையிலிருந்த போனைக் காட்டினாள். "போட்டோ எடுத்தாங்கல்ல? எல்லாம் அதுல இருக்கும்ல?"

போதகரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் கிளம்ப மூன்று மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு படமாகத் தள்ள, என் மனைவி முகத்தைப் பார்த்துப் பெயரையும் தெருவையும் எழுதினாள். பாஷையே தேவைப்படவில்லை. ஒவ்வொரு படத்திலும் நம் ஆள் ஒருவர், நெஞ்சோடு ஒரு டப்பா, வாயெல்லாம் பல். பதிமூன்று வருடத்தில் அவளிடம் மாத்திரை வாங்கிவிட்டு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

நான் கதவருகில் நின்றிருந்தேன். நாற்பதாவது படம் வந்தபோதே எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன், அதற்குள் வந்துவிட்டது. நாற்பத்தாறாவது படத்தில் கிரீஸ் கையோடு, டப்பாவோடு, ஈயென்று சிரித்துக்கொண்டு நான்.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிரஷரா?"

"நூத்தி எழுபதுன்னாங்க."

"எதிர்லதானே இருக்கேன். ஏன் என்கிட்ட வரல?"

தலைசுற்றல் இரண்டு மாதமாகவே இருந்தது. அன்று மண்டபத்தில் அந்தப் பெண் என் அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் கண்ணை மூடினாள், எனக்கு அழுகை வந்துவிட்டது என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

"நீ திட்டுவேன்னு..." என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவள் குனிந்து நாற்பத்தாறு என்று எண் போட்டு, என் பெயரையும் எங்கள் தெருவையும் மற்றவர்களுடையதைப் போலவே எழுதினாள். பிறகு அடுத்த படத்தைத் தள்ளச் சொல்லி அந்தப் பெண்ணுக்குச் சைகை காட்டினாள்.